அரைக்கால்

பதினெட்டு குதிரைத் திறன் என்று
வண்டித் தாளில் எழுதியிருக்கிறது.
பதினெட்டும் சேர்ந்து உதைப்பது
என் இடுப்பில்தான்.

கம்பெனி கொடுத்த சீட்டு ஓர் இரும்புத் தட்டு.
மழைத்தண்ணீர் வடிய அதில் நாலு ஓட்டை.
ஐந்து வருஷமாக அந்தத் தட்டில் என்னைப் பரிமாறிக்கொண்டு
மின்னாம்பள்ளி முதல் காரிப்பட்டி வரைக்கும்
கூலிக்கு உழுகிறேன்.
குச்சிக்கிழங்குக் காடு, மஞ்சள் காடு,
பாக்குத் தோப்பில் மரத்துக்கு மரம் இடுக்கு.
முன்னால் பார்த்து ஓட்டுவது பாதி வேலை.
மீதி, பின்னால் பார்ப்பது:
கலப்பை இறங்கியதா, கல்லில் ஏறியதா,
ரொட்டவேட்டரில் கொடி சுற்றிக்கொண்டதா.
ஒரு நாளைக்கு எத்தனை தடவை திரும்புகிறேன் என்று
எண்ணிப் பார்த்தேன் ஒருமுறை.
நானூறுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது.

நாலு ரோட்டு டாக்டர்
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
எலும்புகளுக்கு நடுவே ஒரு கறுப்பைக் காட்டினார்.
"டிராக்டரை விட்டுடுங்க."
தவணை இன்னும் பதினொன்று இருக்கிறது என்றேன்.
மாத்திரை எழுதினார்.

செவ்வாய்ப்பேட்டை பழைய இரும்புக் கடையில்
கிடந்தது அந்த நாற்காலி.
மூடிப்போன ஜவ்வரிசி ஆலை முதலாளியுடையதாம்.
சக்கரம் இல்லை, கை ஒன்று இல்லை,
மெத்தை இடப்பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது.
என்ன கணக்கை அப்படிச் சாய்ந்து பார்த்தாரோ.
சுற்றிவிட்டேன்.
சத்தமே இல்லாமல் மூன்று சுற்று போய்
என்னைப் பார்த்து நின்றது.
எழுநூறு சொன்னான். அறுநூற்றைம்பது.

இருசப்பன் பட்டறையில்
நாலு போல்ட்டில் ஒன்றுகூட ஓட்டைக்குச் சேரவில்லை.
ஆங்கிள் வெட்டினான், தகடு வைத்தான், பற்றவைத்தான்.
உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
தண்டை இரண்டு அங்குலம் அறுத்து
திரும்பவும் பற்றவைத்தான்.
"முழுசா சுத்தணுமாண்ணே?"
"சுத்தட்டுமே, காசு கொடுத்தாச்சு."
தப்பு அங்கேதான்.

முதல் கடைசால்.
வண்டி தெற்கே திரும்ப
சீட்டு என்னை வடக்கே திருப்பியது.
எதிரே சேர்வராயன் மலை, அடி முதல் முடி வரை.
குப்பனூர் பாதையில் ஒரு பஸ் கண்ணாடி
மினுக்கென்று வெட்டி மறைந்தது.
அழகுதான். கிளட்ச் எங்கே?
கால் காற்றில் துழாவிக்கொண்டிருக்க
வண்டி பாட்டுக்கு வரப்பேறி
கிளுவை வேலியில் முட்டி அணைந்தது.

மறுபடியும் பட்டறை.
இருசப்பன் சிரிக்கவில்லை;
அதற்கே ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுக்கலாம்.
"கால் வட்டம் போனாவே கால் வராதுண்ணே.
அரைக்கால் போதும்."
இரண்டு பக்கமும் தடுப்புக்கட்டை வைத்து,
நேராக நிற்க ஒரு கதவுத் தாழ்ப்பாளை வைத்து
சாக்பீஸால் தகட்டில் கோடு கிழித்தான்.
அந்தக் கோட்டுக்கு இந்தக் கோடு:
என் உலகம் அவ்வளவுதான் திரும்பும்.

வலி போய்விட்டதா என்று கேட்கிறார்கள்.
இல்லை.
முன்பெல்லாம் காலை ஆறரைக்கே என்னோடு வண்டியேறும்.
இப்போது சாயங்காலம் நாலரைக்கு மேல்தான்
வேலைக்கு வருகிறது.
கூலியை மட்டும் குறைத்துக்கொள்ளவில்லை.

நேற்று சொந்தக் காட்டில் உழவு.
சோறு கொண்டுவந்த இந்திராணி
நான் கை கழுவுவதற்குள் சீட்டில் ஏறியிருந்தாள்.
தாழ்ப்பாளை எடுத்து
அரைக்கால் இந்தப் பக்கம், அரைக்கால் அந்தப் பக்கம்.
"நல்லாத்தான் இருக்கு" என்றவள்
வீட்டுப் பக்கம் திரும்பியதும் அப்படியே நின்றாள்.
கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள்.

"புகைபோக்கி ஓரமா ரெண்டு ஓடு ஒடைஞ்சிருக்கு.
மூணு மழையா அங்கிருந்துதான் ஒழுகுது."

நாளைக்குக் கூரை ஏறவேண்டும்.
ஏணிக்கு இருசப்பன் என்ன செய்வான் என்று
யோசித்துக்கொண்டே
ரசத்தை ஊற்றிப் பிசைகிறேன்.